தண்டுக்குழாய்ச் சுருக்கம்: ஜோகூர்த் தோட்டத் தமிழரின் நடை தளர்ந்த வரலாறு

நோய்களுள் சில, நோயாளி படுத்திருக்கும்போதே மருத்துவருக்குப் புலப்படுவன. காய்ச்சலைக் கைதொட்டு அறியலாம். மண்ணீரல் வீக்கத்தை வயிற்றை அழுத்தி அறியலாம். சோகையைக் கீழ்க்கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்து அறியலாம். வேறு சில நோய்களோ, நோயாளி எழுந்து நடக்கும்போது மட்டுமே தலைகாட்டுவன. அவர் உட்கார்ந்தவுடன் மறைந்துவிடுவன. இத்தகைய நோய்களுள் ஒன்று தண்டுக்குழாய்ச் சுருக்கம். ஆங்கில மருத்துவர் இதனை ‘ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்’ என்பர்.

ஜோகூர் மாநிலத்தில் குளுவாங், சிகாமட், லாபிஸ், ரெங்கம், கூலாய் முதலிய ஊர்களைச் சுற்றியிருந்த தோட்டங்களில் உழைத்து முதுமையடைந்த தமிழர் வீடுகளில் ஒரு முறையீடு கேட்கப்படும். “கொஞ்ச தூரம் நடந்தா காலு ரெண்டும் கனத்துப் போவுது, குனிஞ்சு உக்காந்தா சரியாப் போவுது” என்பது அது. வீட்டார் இதனை ‘வயசாயிருச்சு’ என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவர். ஆயினும் அம்முறையீட்டின் இரு பகுதிகளும் சேர்ந்து, மருத்துவ உலகம் நெடுநாள் தேடிக் கண்ட ஒரு நோயின் இலக்கணமாக அமைந்துள்ளன. அவ்விலக்கணம் எங்ஙனம் கண்டறியப்பட்டது, தோட்டத்து மருத்துவமனைகளில் அஃது ஏன் கண்டுகொள்ளப்படவில்லை, இன்று அதற்குச் செய்யத்தக்கது யாது என்பன ஆராய்தற்குரியன.

குழாயும் அதன் நெருக்கமும்

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளின் கோவை. ஒவ்வொரு முள்ளெலும்பின் நடுவிலும் ஒரு துளை உண்டு. துளைகள் ஒன்றோடொன்று பொருந்தி மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய் போல் அமைகின்றன. அக்குழாயின் வழியே மூளையிலிருந்து தண்டுவடம் இறங்குகிறது. வளர்ந்த மனிதரிடத்தில் தண்டுவடம் இடுப்பின் முதல் முள்ளெலும்பை ஒட்டிய அளவில் முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் செல்லும் நரம்பு வேர்கள் குதிரையின் வால்மயிர் போலக் கற்றையாகத் தொங்கும். அதனால் அக்கற்றையைக் ‘குதிரைவால்’ என்றே உடற்கூற்று நூலார் வழங்குவர்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. அகவை ஏறும்போது அத்தட்டுகள் நீர்வற்றி உயரம் குறைந்து, பின்புறம் பிதுங்குகின்றன. முள்ளெலும்புகளை இணைக்கும் பின்பக்கத்து மூட்டுகள் தேய்ந்து பருக்கின்றன. குழாயின் பின்சுவரில் உள்ள மஞ்சள் நிறத் தசைநாரும் தடித்துவிடுகிறது. இங்ஙனம் முன்னும் பின்னும் பக்கமும் இடம் குறுகவே, நடுவில் உள்ள நரம்புக் கற்றை நெருக்குண்கிறது. இடுப்பின் நான்காம் ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையில் இந்நெருக்கம் மிகுதியாகக் காணப்படும். சிலர் பிறவியிலேயே குறுகிய குழாயுடையோர். அவர்களுக்குச் சிறிது தேய்மானமும் பெருந்துன்பம் தரும்.

நிமிர்ந்து நிற்கும்போது இடுப்பு உள்வளைகிறது. அப்போது தடித்த தசைநார் மடிந்து குழாயினுள் துருத்துகிறது. குழாய் மேலும் ஒடுங்குகிறது. குனியும்போது அந்நார் இழுபட்டு விரிய, குழாயில் சற்றே இடம் உண்டாகிறது. நடந்தால் துன்பமும் குனிந்தால் ஆறுதலும் ஏற்படும் புதிர் இதனால் விளங்கும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி சந்தையெல்லாம் சுற்றிவரும் மூதாட்டி, வெறுங்கையோடு நிமிர்ந்து தெருமுனைவரை நடக்க இயலாதிருப்பார். மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்லும் முதியவர், அதே தொலைவில் கால்பங்குகூட நடக்க மாட்டார். உடலில் ஏமாற்று ஒன்றும் இல்லை. குழாயின் அளவே மாறுகிறது.

நடையைக் கேட்டறிந்த மருத்துவர்

நடையைக் கண்டு நோய்க்குப் பெயரிடும் வழக்கம் நம் நாட்டில் பழையது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியை ஆயுர்வேத நூலார் ‘கிருத்ரசி’ என்றனர். ‘கிருத்ரம்’ என்பது கழுகு. வலியுற்றவர் கழுகுபோல் நடப்பதால் அப்பெயர் அமைந்தது என்பர். சித்த மருத்துவத்தில் வாத நோய்களை எண்பது என வகுத்துரைக்கும் மரபுண்டு. எலும்பும் நரம்பும் மூட்டும் பற்றிய துன்பங்கள் பலவும் அவ்வகுப்பில் அடங்கும். அந்நூலார் குழாயின் குறுக்கத்தை அறிந்திருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. எனினும், நோயாளி எவ்வாறு நடக்கிறார் என்பதை அவர்கள் கூர்ந்து பார்த்தனர் என்பது தெளிவு.

ஐரோப்பாவில், காலுக்கு இறங்கும் வலி இடுப்பு மூட்டின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நேப்பிள்ஸ் நகரத்து தொமெனிக்கோ கொத்துஞ்ஞோ என்பார் 1764இல் எழுதிய நூலில், அவ்வலியுள் ஒருவகை நரம்பைச் சார்ந்தது எனப் பிரித்துக் காட்டினார். பிரெஞ்சு மருத்துவர் அந்துவான் போர்த்தால் 1803இல் முதுகுத்தண்டின் குழாய் குறுகுவதையும் அதனோடு கால்கள் வலுவிழப்பதையும் இணைத்து எழுதினார். அக்கருத்து அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை.

இடையில் வேறொரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. நடக்க நடக்கக் கால் வலித்து, நின்றால் ஆறும் ஒரு நோயைப் பாரிஸ் நகரத்து ஷார்க்கோ 1858இல் மனிதரிடத்தில் விளக்கினார். காலுக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதே அதன் காரணம். அதற்கு ‘இடைவிட்ட நொண்டல்’ எனப் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. அன்று முதல், நடந்தால் கால் வலிக்கும் நோயாளர் பலர் குருதிக்குழாய் நோயாளர் என்றே கருதப்பட்டனர். காலில் நாடி நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் நொண்டும் நோயாளர் சிலர் உளர் என்பதும், அவர்தம் குறை தண்டுவடத்தைச் சார்ந்தது என்பதும் தெஜெரின் என்னும் நரம்பியல் அறிஞரால் 1911இல் வலியுறுத்தப்பட்டன. 1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் முள்ளெலும்பிடைத் தட்டுப் பிதுங்கி நரம்பை நெருக்குதலை நிறுவினர். அதன்பின் முதுகுவலி என்றாலே தட்டுப் பிதுக்கம் என்னும் எண்ணம் பரவி, குழாயின் குறுக்கம் மீண்டும் மறைவில் நின்றது.

அதனை வெளிக்கொணர்ந்தவர் நெதர்லாந்து நாட்டு யூட்ரெக்ட் நகரத்து நரம்பு அறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட். அவர் 1949இல் பிரெஞ்சு மொழியிலும் 1954இல் ஆங்கிலத்திலும் இந்நோயை விளக்கினார். 1954ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய நோயாளர் எழுவரே. நிற்கும்போதும் நடக்கும்போதும் அவர்களுக்குக் கால்வலியும் மரப்பும் தளர்ச்சியும் தோன்றின. படுத்தவுடன் அவை நீங்கின. படுக்கையில் வைத்துச் சோதித்தபோது குறை ஒன்றும் அகப்படவில்லை. அவர்தம் முறையீட்டை மனக்கோளாறு என்று தள்ளுவது எளிதாக இருந்திருக்கும். வெர்பீஸ்ட் அங்ஙனம் செய்யவில்லை. நோயாளியின் சொல்லை உண்மையெனக் கொண்டு அதற்குரிய காரணத்தைக் குழாயின் அளவில் தேடினார். அறுவையின்போது எலும்புக் குழாய் இயல்பினும் குறுகியிருப்பதைக் கண்டார். குழாயின் முன்பின் அளவு 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது முழுக் குறுக்கம் என்னும் கணக்கும் அவரால் வந்ததே.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. நோயைக் கண்டுபிடித்த முதற்கருவி நோயாளியின் சொல். எவ்வளவு தூரம், எந்த நிலையில், எதனால் ஆறியது என்னும் மூன்றையும் அவர் சொல்லவேண்டும், மற்றவர் கேட்கவேண்டும். ஜோகூர்த் தோட்டங்களில் இவ்விரண்டும் கூடிவரவில்லை.

தோட்டத்து முதுகு

ஜோகூரின் காடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர் மிளகும் கம்பீரும் பயிரிட்டனர். 1909இல் கெமாஸ் முதல் ஜோகூர் பாரு வரை இருப்புப்பாதை நிறைவுற்றபின், அதன் இருமருங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்தன. அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தனர். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்றல், முந்நூறு முதல் ஐந்நூறு மரங்கள்வரை சீவுதல், தாழ்ந்த வெட்டுப்பட்டை வந்தால் மரந்தோறும் குனிதல், மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்துக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுசெல்லுதல் என்பன ஆண் பெண் இருபாலார்க்கும் அன்றாட வேலை. வெளிக்காட்டு வேலையில் புல்வெட்டும் மண்வெட்டும் இருந்தன. 1920களில் குளுவாங் வட்டாரத்தில் செம்பனையும் நடப்பட்டது. அதன் குலையொன்று பத்து முதல் இருபத்தைந்து கிலோ வரை எடை காண்பது. அதனைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது முதுகின் வேலை.

இவ்வுழைப்பே குழாய்ச் சுருக்கத்திற்குக் காரணம் என்று ஒரே அடியாகக் கூறிவிடுதல் அறிவுடைமையன்று. ஃபின்லாந்து நாட்டில் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் 115 இணையரை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட ஆய்வு, இடைத்தட்டுத் தேய்மானத்தில் தொழிலைவிடப் பரம்பரைக்கே பெரும்பங்கு உண்டெனக் காட்டியது. அகவை, பிறவி அமைப்பு, உடற்பருமன், உழைப்பு எல்லாம் கலந்தே முதுகைத் தேய்க்கின்றன. நான்காம் முள்ளெலும்பு ஐந்தாவதன்மேல் முன்நகர்ந்து குழாயை ஒடுக்கும் நிலை பெண்களிடத்தே மிகுதி. ஆனால், யாருக்கு நோய் வந்தாலும் அவர் அன்று நாட்கூலிக்கு நடந்தாகவேண்டியிருந்தது. மரத்துக்கு மரம் நடக்கும் தொழிலில், நடை தளர்ந்தால் கூலி தளர்ந்தது.

மருத்துவமனை காணாத நோய்

தோட்டங்களில் மருத்துவம் இல்லாமலில்லை. தொழிலாளர் சட்டங்கள் தோட்ட முதலாளிமார் மருத்துவ வசதி செய்துதரல் வேண்டும் என விதித்தன. பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரியும், அதில் ‘டிரெசர்’ என மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளரும் இருந்தனர். வெள்ளைக்கார மருத்துவர் குறித்த நாளில் வந்து பார்த்துச் செல்வார். மலாயா சுதந்தரம் பெற்றபின் 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்யும் சட்டமும் இயற்றப்பட்டது. இவ்வளவு இருந்தும் குழாய்ச் சுருக்கம் பெயர்பெறாமல் போனமைக்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, சாவைத் தரும் நோய்கள் முன்னின்றன. மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களைச் சூறையாடிய காலம் அது. மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் சதுப்புகளை வடித்து அதனைக் கட்டுப்படுத்திக் காட்டினார். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக்கூடம் காய்ச்சலையும் பெரிபெரியையும் ஆராய்ந்தது. கொக்கிப்புழுவும் வயிற்றுக்கடுப்பும் அடுத்து வந்தன. இவற்றை முதலில் நோக்கியது தவறென்று கூற இயலாது. ஆனால் ஆண்டறிக்கைகளின் கணக்கு, செத்தவரையும் படுக்கையில் சேர்ந்தவரையும் எண்ணியது. வலியோடு வேலைக்கு வந்தவரை எண்ண அதில் இடம் இல்லை.

இரண்டாவது, சோதனை செய்யும் முறை. டிரெசரின் மேசைமேல் படுத்த முதுகு குறை காட்டாது. வெர்பீஸ்ட் தம் எழுவரிடம் கண்டதும் இதுவே. நடக்கவைத்துப் பார்ப்பதற்கு நேரமும் இல்லை. வரிசையில் நிற்போரோ பலர். ‘வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்கு’ என்னும் ஐயம் எளிதில் எழுந்தது. எண்ணெய்ப் புட்டியும் வலி மாத்திரையும் கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்று. தொழிலாளி தமிழில் சொன்னது, வருகை மருத்துவரின் செவிக்கு ‘இடுப்பு வலி’ என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிச் சேர்ந்தது. குனிந்தால் ஆறும் என்ற பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

மூன்றாவது, சட்டத்தின் கேள்வி. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் நேர்ந்த விபத்துக்கு ஈடு தந்தது. விபத்துக்கு நாளும் இடமும் சான்றும் உண்டு. முப்பதாண்டுத் தேய்மானத்திற்கு நாள் குறித்துச் சொல்ல யாரால் இயலும்? ஆகவே, மரத்திலிருந்து விழுந்தவரின் முதுகு சட்டத்தின் கண்ணில் பட்டது. நாள்தோறும் குனிந்தவரின் முதுகு படவில்லை.

நான்காவது காரணம் எல்லாவற்றினும் ஆழமானது. இந்நோய் பெரும்பாலும் ஐம்பது அகவைக்கு மேல் தலைகாட்டுவது. தோட்டங்களில் அவ்வகவையினர் அந்நாளில் குறைவு. பலர் காய்ச்சலால் இளமையில் மாண்டனர். எஞ்சியோருள் பலர் தளர்ந்தபின் கப்பலேறினர். 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி ஆட்களைக் கொணர்வதற்கான செலவை ஏற்றது. முதுமையாலும் நோயாலும் உழைக்க இயலாதவரைத் திருப்பி அனுப்பும் செலவும் அதன் பொறுப்பில் வந்தது. 1930ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தின்போது பல்லாயிரவர் அங்ஙனம் திருப்பி அனுப்பப்பட்டனர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’க் கப்பல் நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் மலாயாவுக்குமாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. அது கொண்டுவந்தது இளம் முதுகுகளை. கொண்டுசென்றவற்றுள் தேய்ந்த முதுகுகளும் இருந்தன. நடை தளர்ந்தவர் தமிழ்நாட்டுச் சிற்றூர்த் திண்ணையில் அமர்ந்தார். ஜோகூரின் மருத்துவமனை ஏட்டில் அவருக்கு இடம் இல்லை. ஊரிலோ அவரைச் சோதிக்க யாரும் இல்லை. நோயின் வரலாறு இவ்வாறு இரு கரைகளுக்கும் இடையே கடலில் கரைந்தது.

முதுமை தங்கிய காலம்

1938இல் இந்திய அரசு, மலாயாவுக்கு உதவிச் செலவோடு தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியது. பின்னர்ப் போரும் சயாம் மரண ரயிலும் வந்தன. 1957இல் சுதந்தரம் வந்தபின், தங்கியவர்க்கு இந்நாடே ஊராயிற்று. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி முதுமைக்குச் சிறிது பொருள் சேர்த்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தது. யூட்ரெக்ட் மருத்துவர் எழுவரைப் பற்றி எழுதியதும் அதே ஆண்டில்தான். 1969இல் இயற்றப்பட்டு 1971இல் செயற்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம், ‘சொக்சோ’ என்னும் பெயரால் அறியப்படுவது, ஒரு புதிய வழியைத் திறந்தது. வேலையில் நேர்ந்த விபத்து மட்டுமன்றி, எக்காரணத்தாலும் உழைக்கும் ஆற்றலை நிலையாக இழந்தவர்க்கும், உரிய நிபந்தனைகள் பொருந்தினால், ஓய்வூதியம் பெற அது இடந்தந்தது.

மலேரியா ஒடுங்கியது. மக்கள் நீண்டநாள் வாழ்ந்தனர். ரப்பர் பல இடங்களில் அழிந்து செம்பனையாயிற்று. 2006இல் இஸ்கண்டார் மலேசியா வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. தென்ஜோகூரில் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. லயத்தில் தரையோடு வாழ்ந்தவர் அடுக்குமாடி வீடுகளின் படிகளில் ஏறவேண்டியவராயினர். முதன்முறையாக, தோட்டத் தமிழரின் முதுமை ஜோகூரிலேயே தங்கிற்று. அதனோடு தண்டுக்குழாய்ச் சுருக்கமும் தங்கிற்று. கப்பல் ஏற்றி மறக்க இனி இயலாது.

படமும் சொல்லும்

இதற்கிடையே கருவிகள் பெருகின. 1895இல் ரோண்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது, நரம்பைக் காட்டவில்லை. 1920களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு சிக்கார், ஃபொரெஸ்தியே இருவரும் குழாயினுள் அயோடின் கலந்த எண்ணெயைச் செலுத்திப் படமெடுத்து, அடைபட்ட இடத்தைக் காணச் செய்தனர். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படம்பிடித்தது. பின்னர்க் காந்த அலைப் படம் வந்தது. இன்று நரம்பு வேர் எங்கே எவ்வளவு நெருக்குண்கிறது என்பதை அறுவையின்றியே காணலாம்.

ஆயினும் படம் மட்டும் தீர்ப்பளிக்காது. அமெரிக்காவில் முதுகுவலியே அறியாத 67 பேரைக் காந்த அலையால் படமெடுத்து 1990இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவருள் அறுபது அகவை கடந்தோரில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் குழாய்ச் சுருக்கம் உடையவராக இருந்தனர், துன்பமோ இல்லை. எனவே படத்தில் சுருக்கம் கண்டவுடன் அதுவே நோய் என்று துணிதல் பிழையாகும். நோயாளி சொல்லும் நடையின் கதையும் படத்தில் தெரியும் இடமும் பொருந்தினால்தான் முடிவு செய்யலாம். நூறாண்டுக் கருவி வளர்ச்சிக்குப் பின்னும் நோயாளியின் சொல் தன் இடத்தை இழக்கவில்லை.

மலேசியத் தமிழரிடத்தே இச்சொல்லுக்கு மேலும் ஒரு தேவையுண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, நாட்டின் மூன்று பெரிய இனத்தவருள் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி. நீரிழிவு காலின் நரம்பையும் கெடுக்கும், குருதிக்குழாயையும் அடைக்கும். ஆகவே கால் மரத்தால் ‘சர்க்கரை’ என்று கூறி அமைந்துவிடுவது எளிது. வேறுபாடு அறிய வழியுண்டு. குருதிக்குழாய் அடைப்பில் நின்றாலே வலி ஆறும். மேட்டில் ஏறினால் கூடும். குழாய்ச் சுருக்கத்தில் நின்றால் ஆறாது. உட்காரவோ குனியவோ வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது உடல் பின்சாய்வதால் கூடும். நீரிழிவின் நரம்புக் கேட்டில் எரிச்சல் பாதத்திலிருந்து தொடங்கும். இரவிலும் படுக்கையிலும் விடாது. ஒருவருக்கே இவற்றுள் இரண்டு மூன்று கூடியிருத்தலும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் பணி. பிரிப்பதற்கு வேண்டிய செய்தியைத் தருவது நோயாளியின் பணி.

மருத்துவம் நாடும் வழி

இந்நோய்க்கு மருத்துவம் உண்டா? உண்டு. முதலில் அச்சம் நீங்குதல் வேண்டும். மிதமான சுருக்கமுடைய பலர்க்கு நிலைமை பல ஆண்டுகள் பெரிதும் மாறாமலே இருக்கும். முன்குனிந்து செய்யும் பயிற்சி, வயிற்றுத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுப்படுத்தல், மிதிவண்டி மிதித்தல், எடை குறைத்தல், கைத்தடி அல்லது தள்ளுவண்டியின் துணை ஆகியவை நடையை நீட்டிக்கும். வலி மருந்துகள் துணைசெய்யும். எனினும் சிறுநீரகம் கெட்டவரும் நீரிழிவுடையோரும் அவற்றை மருத்துவர் சொல்லாமல் நீண்டநாள் உட்கொள்ளலாகாது. குழாயினுள் ஸ்டீராய்டு ஊசி போடுதலும் வழக்கில் உள்ளது. ஆனால் 400 நோயாளரைக் கொண்டு 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஸ்டீராய்டு கலந்த ஊசிக்கும் மரப்பு மருந்து மட்டும் கொண்ட ஊசிக்கும் ஆறு வாரத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

இவற்றால் பயன் இல்லையெனில், குழாயின் பின்சுவரை நீக்கி நரம்புக்கு இடந்தரும் அறுவை உண்டு. 2008இல் வெளிவந்த அமெரிக்கப் பெரிய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர் செய்துகொள்ளாதவரினும் வலியிலும் நடையிலும் மிக்க நலம் பெற்றனர். ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்வேறுபாடு குறைந்தது. 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அறுவைக்கு இசைந்த 169 பேருள் ஒரு பகுதியினர்க்கு முதலில் முறையான உடற்பயிற்சி அளிக்கப்பட்டது. ஈராண்டு முடிவில் இரு பகுதியினரின் செயலாற்றலும் ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆனால் பயிற்சிப் பகுதியினருள் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் அறுவையை நாடினர். எலும்புகளைத் திருகாணியிட்டு இணைப்பதைக் கூடவே செய்தால் மேலும் நன்மை உண்டா எனச் சுவீடனில் ஆராய்ந்து, பொதுவாக இல்லை என 2016இல் கண்டனர். ஆகவே அறுவை எல்லார்க்கும் உரியதன்று. எல்லார்க்கும் அஞ்சத்தக்கதும் அன்று. நடை எவ்வளவு சுருங்கிற்று, மற்ற நோய்கள் யாவை, நோயாளி எதை விரும்புகிறார் என்பவற்றை வைத்து முடிவு செய்யத்தக்கது.

காத்திருக்கலாகாத நிலைகளும் உள. சிறுநீர் திடீரெனத் தடைப்படுதல், மலம் அறியாமல் கழிதல், தொடையிடுக்கும் ஆசனப்பகுதியும் மரத்துப்போதல், கால் விரைந்து வலுவிழத்தல் ஆகியவை குதிரைவால் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லவேண்டும். சுருக்கம் கழுத்தில் ஏற்பட்டால் சட்டைப் பொத்தான் போட இயலாமை, கைதவறுதல், தள்ளாடும் நடை தோன்றும். அதனைக் காலம் தாழ்த்தினால் இழந்த வலு முழுதும் திரும்பாமற் போகலாம்.

சுளுக்கு எடுத்தல், எண்ணெய் தேய்த்தல், மலாய்க்காரரின் ‘உருட்’, சீனரின் ஊசிமுறை என்பன ஜோகூரில் மூவினத்தவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கொண்டவை. தசைப்பிடிப்புக்கு அவை இதம் தரலாம். ஆனால் எலும்பால் ஒடுங்கிய குழாயைக் கை விரிக்காது. முதுகில் ஏறி மிதித்தலும் கழுத்தை வெட்டித் திருப்புதலும் இந்நோயாளர்க்குத் தீங்காகும்.

ஜோகூரில் முதற்படி அருகிலுள்ள அரசாங்க நலவாழ்வு நிலையம். அங்கிருந்து எழுத்துப் பெற்று எலும்பு மருத்துவப் பிரிவுக்குச் செல்லலாம். ஜோகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனை முதலியவை உள்ளன. செல்லுமுன் வீட்டில் ஒரு சிறு கணக்கு எடுத்துவைத்தல் நன்று. எத்தனை நிமிடம் நடந்தால் கால் கனக்கிறது, நின்றால் ஆறுகிறதா அல்லது உட்கார்ந்தால்தான் ஆறுகிறதா, இரு காலிலுமா ஒரு காலிலா, மிதிவண்டியில் எப்படி, நீரிழிவு எத்தனை ஆண்டாக என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், மருத்துவர் கேட்கவேண்டியதில் பாதி முடிந்துவிடும்.

இங்கே தமிழறிந்தார்க்கு ஒரு பணி காத்திருக்கிறது. கனத்தல், மதமதத்தல், விறுவிறுத்தல், குத்தல், இழுத்தல், பின்னுதல், மரத்தல் என்று காலின் துன்பத்தைக் கூறத் தோட்டத்து முதியவரிடம் எத்தனையோ சொற்கள் உண்டு. அவை ஒன்றற்கொன்று வேறுபட்டவை. நோயை நோயினின்று பிரிக்க வல்லவை. மருத்துவமனையில் அவற்றை ‘வலி’ என ஒன்றாக்கி மொழிபெயர்க்கும் பேரனும் பேத்தியும், அறியாமலே சான்றை அழிக்கின்றனர். அச்சொற்களின் பொருளை இளையோர்க்கு உணர்த்துவதும், பாட்டி சொல்வதை முழுதும் கேட்டுச் சொல்லப் பழக்குவதும் வகுப்பறையில் இயலாதனவல்ல. ஒரு நூற்றாண்டாக ஏட்டில் ஏறாத முதுகின் வரலாறு இனியேனும் ஏடேறுவதற்கு, ‘வயசாயிருச்சு’ என்னும் முடிவுரைக்கு முன்னே ஒரு கேள்வி போதும்: “உக்காந்தா சரியாப் போவுதா?”